நேவிக்குத் தப்பிய கூறை

மிச்சம் (Mitcham) என்ற ஆங்கிலேய ஊருக்குப் போகும் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“என்ர கலியாணக் கூறைச்சேலை கள்ளக்கடத்தல் சாமான், தெரியுமே?” என்றார் மூத்தவர்.

“என்னக்கா சொல்லுறியள்?”

“சண்டை நேரம் நேவி கடலை மறிச்சு வைச்சிருந்தது. யாழ்ப்பாணத்தில கூறை எங்க கிடைக்கும்? என்ர மனுசன்தான் மாப்பிளை, அவரே வள்ளத்தில, அதுதான் படகில, சாமான் கடத்துறவர். இந்தியாவில வாங்கிக்கொண்டு வரேக்க நேவி துரத்தினவங்கள். பாரம் குறைய எண்டு சோப்பு, பட்டரி எல்லாத்தையும் கடலுக்க எறிஞ்சிட்டார்.”

“கூறையை?”

“மடியில வைச்சிருந்தவர். ஆனா ஓடின ஓட்டத்தில மண்ணெண்ணெய் அதில ஊத்துண்டு போச்சு. எத்தினை தரம் தோய்ச்சும் மணம் போகேல்லை.”

“பிறகு?”

“அதையே உடுத்துக்கொண்டு சேர்ச்சுக்குப் போனன். சுவாமியார் மோந்து பார்த்திட்டு, ‘பொம்பிளைக்குக் கிட்ட இருக்கிற மெழுகுதிரியளை முதல்ல அணையுங்கோ’ எண்டார்.”