கணீர் தாண்டிப்போன வரிகள்

இரண்டாவது நிலவும் மறைந்துவிட்ட நேரம்... குன்றுக்கு ஏறும் பாதையில் ஒரே ஒரு ஆள். தன் குரலையே துணைக்கு வைத்துக்கொண்டு, எதையோ உரக்கத் திட்டிக்கொண்டே போகிறார்.

நம் நூலக வாயிற்காவலனின் அத்தான்தான். காவலன் இன்று இங்கே இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல விட்டிருக்க மாட்டான்.

அத்தான் சந்தையில் ஏலம் கூறுபவர். பட்டப்பெயர் கணீர். அந்தத் தொண்டைதான் வீட்டுக்குச் சோறு போட்டது. தொண்டைக்கு மேலே இருந்ததைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

குன்றின்மேல் இருக்கும் நூலகம் ஊரைவிடப் பழையது. யாரும் வாசிக்காத புத்தகங்கள் அங்கே இரவில் முனகும்... குட்டியைப் பறிகொடுத்த நாய் மாதிரி. ஊரே தூங்காது. அதனால் ஒரு ஆள் இரவுதோறும் போய், காலி பெஞ்சுகளின் முன் நின்று உரக்க வாசிக்க வேண்டும். வரி விடக்கூடாது. விதி அது ஒன்றுதான். மனைவியின் தம்பி அங்கே காவலன் என்பதால் கணீருக்கு அந்த வேலை கிடைத்தது.

“செத்தவன் எழுதினதைப் பெஞ்சுக்கு வாசிக்கணுமாம். பெஞ்சு கைதட்டுமாடா?” என்பார், வாசலில் நிற்கும் மச்சினனிடம்.

“மெதுவா அத்தான்... உள்ள கேட்கும்.”

“காது இருந்தா கேட்கட்டும்.”

பக்கத்தின் முதல் வரி, கடைசி வரி. நடுவில் இருப்பதெல்லாம் உமி என்று புரட்டிவிடுவார். குரல் கேட்டதும் முனகல் அடங்கிவிடும். இந்த மூடப் புத்தகங்களுக்கு இவ்வளவு போதும் என்பது அவர் முடிவு.

அன்றும் அப்படித்தான் புரட்டினார். இருட்டிலிருந்து... “த்ச்.”

சலித்துப்போன யாரோ நாக்கைத் தட்டும் சத்தம்.

“பிடிக்கலேன்னா எந்திரிச்சுப் போ” என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பெஞ்சு கிறீச்சிட்டது. கடைசி வரிசை. பிறகு அதற்கு முந்தைய வரிசை... எழுந்தவர்கள் வாசல் பக்கம் போகவில்லை. முன்னால் வந்தார்கள். அணைத்த திரியின் வாடை முகத்தில் அடித்தது. ஆனால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் எதிரே யாரும் இல்லை. தொண்டைக்குழியில் மட்டும் ஈரமாக, சில்லென்று, இரண்டு விரல்கள்.

புத்தகத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். காவலன் கதவைத் தாழிட்டான்.

“என்ன அத்தான், அதுக்குள்ள முடிச்சாச்சா?”

திட்டத்தான் வாயைத் திறந்தார். துருத்தியிலிருந்து வருவதுபோல வெறும் காற்று வந்தது.

அப்போது, பூட்டிய கதவுக்குள்ளே, அவருடைய குரல் கணீரென்று வாசிக்கத் தொடங்கியது... முதல் பக்கத்தின் இரண்டாவது வரியிலிருந்து.

கதவைத் திறந்தால் நின்றது. மூடினால் தொடர்ந்தது.

சந்தைக்கு வேறு ஆள் வந்தான். “ஒரு தடவை என் பேரைச் சொல்லுங்களேன்” என்று மனைவி கேட்பாள். உதடு அசையும். இரவானால் குன்றேறி, கதவில் காதை வைத்து உட்கார்ந்துவிடுவார். விட்டதையெல்லாம் வாசித்து முடித்துவிட்டால் குரலைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று நம்பினார். அப்படி யாரும் சொல்லவில்லை. அவராகவே நம்பினார்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு, மச்சினனின் தோளைப் பிடித்து உலுக்கினார். உள்ளே, அவர் புரட்டித் தள்ளிய கடைசிப் புத்தகம். கடைசிப் பக்கம். இருவரும் காதை ஒட்டினார்கள். குரல் தேய்ந்து கரகரத்திருந்தது. கடைசி வரியை வாசித்தது... நின்றது.

அத்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

உள்ளே யாரோ கொட்டாவி விட்டார்கள்.

“ம்... உயிரே இல்ல. முதல்லேருந்து வாசி.”