லெட்சுமியின் கைக்கு ஒரு வாய்

– லோரன்சு, நில்லுடா! உள்ள என்ன நடக்குது? உன் மச்சான விட்டாங்களா?

– இல்லக்கா. நீதவான் ஐயா சாப்பிட எழும்பிட்டாரு. வந்துதான் முடிவு சொல்லுவாராம். உள்ள நடந்தத நீ பார்த்திருக்கணும்க்கா.

– கதைய வளக்காத. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு காலையிலேர்ந்து இந்தக் கோட்டு வராந்தாவுல கெடக்கேன். தோட்டத்துல வேல வாங்குற கண்டாக்கையா மண்டைய ஒடச்சது யாருன்னு பார்த்தது அந்த ஊமப்பொண்ணு லெட்சுமி ஒண்ணுதானே. சாட்சி சொல்லுச்சா?

– சொல்லுச்சு, கையால. கோட்டு முதலியாரு நம்ம தமிழச் சிங்களத்துல சொல்லுவாரு. கைப்பேச்சுக்கு அவரு எங்க போவாரு? முழிச்சாரு. 'இது யாருக்குப் புரியும்'னு ஐயா கேட்டதும் அழகம்மாக்கா எழும்பிருச்சு.

– ஐயோ மாதாவே! அவளா? பீலியில தண்ணி புடிக்கச் சண்ட போட்டதுலேர்ந்து எம்மூஞ்சியப் பார்க்க மாட்டாளே. எங்குடியக் கெடுக்கத்தான் எழும்பியிருக்கா!

– வேற யாருக்குக்கா தெரியும்? ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நெரையில தேயிலக் கொழுந்து எடுத்தே பழகுன பேச்சு அது. சத்தியம் வாங்கிட்டு நிக்க வச்சாங்க. லெட்சுமி கைய ஆட்ட, அழகம்மாக்கா அதத் தமிழ்ல சொல்ல, முதலியாரு சிங்களத்துல சொல்ல… ஐயா பேனாவக் கீழ வச்சிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.

– எம்புருசனப் பத்தி என்ன சொன்னா?

– லெட்சுமி கழுத்துல சிலுவ போட்டுக் காட்டுச்சு. மச்சானுக்கு அது வச்ச பேரு. அப்புறம் 'இல்ல'ன்னு கைய ஆட்டுச்சு. 'பத்திநாதன் அடிக்கலைங்க'ன்னு அழகம்மாக்கா அப்புடியே சொல்லிருச்சு.

– மெய்யாவா? அவளா சொன்னா?

– 'அப்ப யாரு'ன்னாரு ஐயா. லெட்சுமி எடது புருவத்தத் தடவுச்சு. அதுவும் ஒரு ஆளோட பேருன்னு மட்டும் வெளங்குச்சு. அழகம்மாக்கா முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு நிக்கிது. முதலியாரு அதட்டுறாரு. லெட்சுமி திரும்பவும் புருவத்தத் தடவிட்டு ஓன்னு அழுகுது.

– பார்த்தியா, பழைய கோவம் வந்திருக்கும்! நான் சொன்னேன்ல?

– சும்மா இரு, அக்கா! 'வெளங்கலைங்க'ன்னு எறங்கியிருக்கலாம். வேற எவன் பேரையாவது சொல்லியிருந்தாலும் அங்க ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. அப்புடி ஒரு மனுசிய நான் பார்த்ததே இல்ல.

– என்னதான்டா சொன்னா?

– முந்தானைய எடுத்துட்டு ஐயாவ நேராப் பார்த்து, 'அது என் மகன் சோலைமலைங்க'ன்னு சொல்லுச்சுக்கா.