ஜனவரி முப்பத்தொன்று வரை

என் மனைவி நோரீனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. தக்காளிச் செடிகளோடு அரை மணி நேரம் நின்றால் தோள் சிவந்துவிடும். ஜூன் மாதம் அப்படி ஒருநாள் களிம்பு தடவும்போதுதான் முதுகில் அந்த மச்சத்தைப் பார்த்தேன். பென்சில் முனை ரப்பர் அளவுதான். ஓரம் பிசிறடித்து, நடுவில் நீலம் பாய்ந்த கறுப்பு.

என் அண்ணன் கோர்டனுக்கும் தோல் புற்றுநோய் இப்படித்தான் தொடங்கியது. அவன் சாவதற்கு முன்னாலேயே பண்ணை கடனுக்குப் போயிற்று. அண்ணி இன்று மகள் வீட்டுக் கார் ஷெட்டில் படுத்துக்கொள்கிறாள். அவர்களிடமும் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் இருந்தது, சார். ஒமாஹா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பெட்ரோலுக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும் அது எதுவும் தரவில்லை.

"என்ன அங்கயே நின்னுட்ட?" என்றாள் நோரீன்.

"கொசு கடிச்சிருக்கு."

நான் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவன். ஒவ்வோர் அக்டோபரிலும் எங்கள் ஷெட்டுக்கு வெண்டெல் என்ற ஏஜென்ட் டோனட் பெட்டியோடு வருவார். "புத்துநோய்க்குன்னே தனி பாலிசி, லைல். பணம் நேரா உங்க கைக்கு வரும். ஜனவரியில ஆரம்பம். ஆனா முதல் மாசத்துக்குள்ள டாக்டர் கண்டுபிடிச்சா ஒண்ணும் கிடைக்காது." எல்லா வருஷமும் டோனட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அந்த வருஷம் உட்கார்ந்து, நோரீனையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். இருவரில் யாருக்காவது அறிகுறி உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியதும் நான்தான்.

மச்சத்தைப் பார்த்த ஜூனிலேயே போட்ட கணக்கு அது: ஜனவரி முப்பத்தொன்று வரை அந்த முதுகை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். கோடையில் ஏரிக்குப் போனபோது முதுகை மூடும் முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிக் கொடுத்தேன். செப்டம்பரில் அவளுடைய வருடாந்தரப் பரிசோதனையை நானே போன் செய்து தள்ளிப்போட்டேன். நவம்பர் மாத வான்கோழி விருந்துக்கு அவள் தங்கை ஜானெல் வந்தாள். ஜானெல் நர்ஸ். அக்காவைக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவியபோது நான் நடுவில் புகுந்து அவள் கோட்டை வாங்கிக்கொண்டேன்.

டிசம்பரில் சட்டையில் ரத்தம் பொட்டாகத் தெரிந்தது.

"பின்னாடி ஏதோ கசியுது, பாரேன்."

"சொறிஞ்சுட்ட. பிளாஸ்திரி போடுறேன்."

"நீ இல்லன்னா என் கதி என்ன, கிழவா," என்று சிரித்தாள்.

என் போனைச் சோதித்து நீங்கள் கண்டுபிடித்த முப்பத்துமூன்று படங்களும் நான் எடுத்தவைதான். வாரத்துக்கு ஒன்று. எவ்வளவு பரவுகிறது என்று தெரியாமல் எப்படி இருப்பது?

பிப்ரவரி முதல் தேதி காலை, "நோரீன், இது என்ன?" என்று கேட்டேன். அதற்குள் புற்று ஈரலுக்குப் போயிருந்தது. "கோடையில வந்திருந்தா வெட்டி எடுத்துட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்," என்றார் டாக்டர். பணம் சொன்னபடி வந்தது. ஆகஸ்டில் அவள் போய்விட்டாள். கடைசிவரை ஒவ்வொரு நர்ஸிடமும், "என் வீட்டுக்காரர்தான் மொதல்ல பாத்தார்," என்று பெருமையாகச் சொன்னாள்.

ஜூனிலேயே சொல்லியிருந்தால் பயந்திருப்பாள், சார். அந்த எட்டு மாதமும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதையாவது என்னால் கொடுக்க முடிந்தது.