தேங்க்ஸ் சொன்ன வீட்டுக்காரர்

தாம்பரத்தில் கிளம்பிய சென்னை பீச் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே ஆபீஸுக்குப் போகும் சிநேகிதிகள் இருவர்.

“எங்க வீட்டுக்காரர் காலையில எனக்குத் தேங்க்ஸ் சொன்னாருடி.”

“ஐயையோ! எதுக்கு?”

“இன்னிக்கு அவருக்குப் பொறந்தநாள். நான் கேசரி கிண்டிக்கிட்டு இருக்கேன், பின்னாடி வந்து நின்னு சொல்றார். நெத்தியத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்ல.”

“வேலை கீலை போயிடுச்சா?”

“அதையும் கேட்டேன். இல்லையாம். குளிச்சிட்டு சாமி முன்னாடி உட்கார்ந்து யோசிச்சாராம். ‘என்னைப் பெத்ததுதான் எங்கம்மா, ஆளாக்கினது நீதான்’னார்.”

“அடக் கடவுளே! நீ என்ன சொன்னே?”

“‘தள்ளுங்க, கேசரி அடிபிடிக்குது’ன்னேன்.”

குரோம்பேட்டை வந்து போனது தெரியாமல் இருவரும் சிரித்தார்கள். டிபன் பாக்ஸ் திறந்தது. கருகின கேசரி பக்கத்து சீட் வரை போனது. எனக்கும் ஒரு வாய் கிடைத்தது.

பல்லாவரத்தில்தான் சிரிப்பு அடங்கியது. கேசரி கிண்டியவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சாயந்திரம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லணும்டி. காலையில இருந்த பயத்துல சந்தோஷப்படவே மறந்துட்டேன்.”