மாப்பிள்ளை வீட்டு ஆமை

பிரகதாம்பாள்: கார் வந்து நின்ன மாதிரி இருக்கு. சம்பந்திதான். நான் சொல்லிக்குடுத்ததை ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.

வைத்தியலிங்கம்: வால் போனது பிஸ்தா, நம்ம பொண்ணு வளர்த்த ஆமை. கடிச்சது லட்டு, மாப்பிள்ளையோட ஆமை.

பிரகதாம்பாள்: ம்ம். மாத்திக்கீத்திச் சொல்லிடாதீங்க.

வைத்தியலிங்கம்: மாத்தித்தானே சொல்லச் சொல்றே. நெசத்துல கடிச்சது பிஸ்தா. வாலைப் பறிகுடுத்துட்டு நிக்கிறது லட்டு.

பிரகதாம்பாள்: மெதுவாப் பேசுங்க. ரெண்டும் ஒரே பச்சை, ஒரே அளவு. பேராவூரணியில தென்னந்தோப்பு பாக்குறவருக்கு எது யாரு ஆமைன்னு என்ன தெரியப்போகுது?

வைத்தியலிங்கம்: மாப்பிள்ளையும் அனுவும் சிங்கப்பூர் கெளம்புறப்ப நம்மளை நம்பித்தானே லட்டைக் குடுத்துட்டுப் போனாங்க... கால்நடை டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. ரெண்டும் ஆம்பளை ஆமை, ஒரே தொட்டியில ஒத்துக்காது, ஒண்ணைத் தனியா ஒரு டப்புல விடுங்கன்னு.

பிரகதாம்பாள்: மாப்பிள்ளை வீட்டு ஆமையைக் கொல்லையில பிளாஸ்டிக் டப்புல போடுறதா? நல்லாருக்குமா?

வைத்தியலிங்கம்: அப்ப பிஸ்தாவைப் போட்டிருக்கலாமே.

பிரகதாம்பாள்: போட்டா? எங்க ஆமைகூட ஒண்ணா இருக்க உங்க ஆமைக்கு என்ன கொறச்சல்னு கேக்க மாட்டாங்களா?

வைத்தியலிங்கம்: யாருடி கேப்பா... ஆமையா கேக்கும்?

பிரகதாம்பாள்: சிரிக்காதீங்க. அவரு உள்ள வர்ற நேரம்.

வைத்தியலிங்கம்: சிரிக்கல. கீரையை எடுத்தா முதல்ல லட்டுக்கு. வெயில் காயிற கல்லுல பிஸ்தா ஏறுனா, அதை எறக்கிவிட்டுட்டு லட்டை ஏத்திவிடுவே. தன் வீட்டுலயே இப்படின்னா அதுக்குக் கோவம் வராதா?

பிரகதாம்பாள்: விருந்தாளிக்கு முதல்ல போடுறதுதானே வழக்கம்... எனக்கு வேற என்ன தெரியும்? பெல் அடிக்கிறாங்க. போய்க் கதவைத் தொறங்க.

வைத்தியலிங்கம்: வாங்க சம்பந்தி, வாங்க வாங்க. தனியாவா வந்தீங்க?

நெடுஞ்செழியன்: ஆமா சம்பந்தி. கும்பகோணத்துல ஒரு கல்யாணம். வழியில உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு... நல்லாருக்கியா தங்கச்சி?

பிரகதாம்பாள்: நல்லாருக்கோம் அண்ணே. உக்காருங்க, காபி கொண்டாறேன்.

நெடுஞ்செழியன்: காபி இருக்கட்டும். எங்க பையன் பரணி, லட்டைப் பாத்துட்டு வாப்பான்னான். போட்டோ வேற அனுப்பணுமாம்.

வைத்தியலிங்கம்: அது இப்பத்தான் தின்னுட்டு... தூங்குது.

நெடுஞ்செழியன்: தூங்கட்டும், எழுப்பவா போறேன்? இந்த ரூம்தானே... அட, கூடையில துணி விரிச்சு என்ன இது? ஐயோ, இதுக்கு வாலைக் காணோமே.

பிரகதாம்பாள்: அது... பிஸ்தா அண்ணே. எங்களுது. புண்ணு ஆறுற வரைக்கும் தண்ணியில ரொம்ப விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மருந்து போட்டுக் காயவச்சிருக்கோம்.

நெடுஞ்செழியன்: தொட்டியில இருக்கிறது?

வைத்தியலிங்கம்: அதான்... லட்டு.

நெடுஞ்செழியன்: அப்ப, கடிச்சது எங்க வீட்டு ஆமையா?

பிரகதாம்பாள்: கடின்னு இல்ல அண்ணே... ஏதோ வெளையாட்டுல...

நெடுஞ்செழியன்: வெளையாட்டுல வாலா போகும்? அங்க பாரு, பின்னங்கால்லயும் காயம்.

வைத்தியலிங்கம்: காலு ஆறிடுச்சு சம்பந்தி. டாக்டரே சொன்னாரு.

நெடுஞ்செழியன்: மன்னிச்சுக்கங்க சம்பந்தி.

வைத்தியலிங்கம்: ஐயோ, நீங்க எதுக்கு...

நெடுஞ்செழியன்: பின்னே? உங்க பொண்ணு ஆசை ஆசையா வளர்த்தது. எங்க வீட்டுப் பண்டம் வந்த எடத்துல இப்படிப் பண்ணி வச்சிருக்கு. நான் எந்த மூஞ்சியோட காபி குடிக்கிறது?

பிரகதாம்பாள்: அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணே.

நெடுஞ்செழியன்: இல்ல தங்கச்சி, தப்பு எங்க பக்கம். ஒரு பக்கெட்டு குடு, இந்த லட்டை நானே தூக்கிட்டுப் போயிடுறேன். தோப்புல மோட்டார் தொட்டி காலியாத்தான் கெடக்கு. தனியாக் கெடக்கட்டும். உங்களுக்கும் தொல்லை இல்ல.

பிரகதாம்பாள்: இதையா... இப்பவேவா?

நெடுஞ்செழியன்: இப்பவேதான். இன்னொரு நாள் வச்சிருந்தா அந்தப் பாவத்தோட உயிரையும் வாங்கிடும்.

வைத்தியலிங்கம்: பிரகதா... பக்கெட்டு கேக்குறாரு.

பிரகதாம்பாள்: காதுல விழுது.

வைத்தியலிங்கம்: என்னைப் பாக்காதே. நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

நெடுஞ்செழியன்: என்ன ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறீங்க? நானே தூக்குறேன்... ஏ, கழுத்தை நீட்டி உன்னையேதான் பாக்குது தங்கச்சி.

பிரகதாம்பாள்: அண்ணே... அதை உள்ள விட்டுருங்க.

நெடுஞ்செழியன்: இருக்கட்டும்மா, கடிக்காது. சூதானமாத்தான் புடிச்சிருக்கேன்.

பிரகதாம்பாள்: அது லட்டு இல்ல. அதுதான் பிஸ்தா. எங்க பிஸ்தாதான் உங்க லட்டைக் கடிச்சுது. கூடையில கெடக்கிறதுதான் உங்களுது.

நெடுஞ்செழியன்: இந்தா, தொட்டியிலயே விட்டுட்டேன்.

பிரகதாம்பாள்: அவ்வளவுதானா அண்ணே? திட்டுங்க.

நெடுஞ்செழியன்: என்னத்துக்கும்மா திட்டணும்?

பிரகதாம்பாள்: பொண்ணைக் குடுத்த எடம். அனு வளர்த்த ஆமை மாப்பிள்ளை ஆமையைக் கடிச்சிருச்சுன்னா, நாளைக்கு அவளுக்கு ஒரு பேச்சு வரும். வளர்த்தவ புத்திதானே அதுக்கும் இருக்கும்னு ஒரு வார்த்தை... நீங்க சொல்ல மாட்டீங்க, உங்க பக்கத்துல யாராவது சொல்லுவாங்க. அந்தப் பயத்துல மாத்திச் சொல்லிட்டேன். பண்ணது எங்களுது, பழியை உங்களுது மேல போட்டு, உங்களையே மன்னிப்புக் கேக்க வச்சிட்டேன். கூசுது அண்ணே. உங்க மூஞ்சியப் பாக்கவே முடியல.

வைத்தியலிங்கம்: அவளை மட்டும் சொல்லி என்ன... நானும் மரம் மாதிரி நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். என் வயசுக்கு இது அசிங்கம் சம்பந்தி.

நெடுஞ்செழியன்: போதும் விடுங்க. ரெண்டு பேரும் முதல்ல உக்காருங்க.

பிரகதாம்பாள்: அனுவுக்கு மட்டும் தெரிய வேணாம் அண்ணே. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். வீடியோ கால்லகூடத் தொட்டிப் பக்கம் போகாமத்தான் பேசிக்கிட்டிருக்கோம். அம்மா பொய் சொன்னான்னு தெரிஞ்சா அவ உங்க மொகத்துல எப்படி முழிப்பா?

நெடுஞ்செழியன்: நீ போனைத் திருப்பினப்ப ஒரு தடவை கூடை தெரிஞ்சிருக்கு தங்கச்சி, அதுல லட்டு கெடந்ததை அனு பாத்துட்டா, அவளுக்கு அடையாளம் தெரியாதா? நேத்து எனக்குத்தான் போன் போட்டா. "மாமா, என் பிஸ்தாதான் கடிச்சிருக்கு, அம்மா பயந்துக்கிட்டு மாத்திச் சொன்னாலும் சொல்லும், நீங்க நம்புன மாதிரியே மன்னிப்புக் கேட்டுட்டு, பிஸ்தாவை லட்டுன்னே தூக்கிட்டு வந்துருங்க, எங்க அம்மா உங்க முன்னாடி தலை குனிஞ்சு நிக்கக் கூடாது"ன்னு ஒரே அழுகை. கல்யாணம், போட்டோ எல்லாம் நான் சும்மா சொன்னது. நீ எங்கிட்ட எதையும் ஒத்துக்கலன்னுதான் அவகிட்ட சொல்லப்போறேன்... அந்தப் பக்கெட்டைக் குடும்மா.