கடிகாரம் எப்போதும் வலப்பக்கம்தான்

உங்கள் காபி நன்றாகத்தான் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் காபி வாயில் வைக்க விளங்காது என்று என் கணவர் ஏவால்ட் ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். குடிக்காமல் திரும்பக் கொண்டுபோனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், ஆகையால் அதையும் நாம் குடித்துவிட வேண்டும். பிளம்ஸ் கேக்கும் இருக்கிறது. நீங்கள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டால்தான் நானும் எடுப்பேன், இன்ஸ்பெக்டர்.

நீங்கள் பிளாட்ஃபார எண் பலகைகளைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். ஆமாம், நான்தான் மாற்றினேன். ஒன்றை இரண்டாகவும் இரண்டை ஒன்றாகவும் மாட்டினேன். ஆனால் அதை மட்டும் தனியாக எழுதிக்கொண்டால் என்னை ஏதோ புத்தி பேதலித்தவள் என்று நினைத்துவிடுவார்கள். முதலிலிருந்து சொல்கிறேன். சொன்னால் எல்லாம் நியாயமாகவே இருக்கும்.

பிர்கன்ஹால் மாடல் ரயில் சங்கத்தில் நானும் ஏவால்டும் கல்யாணமான வருடத்திலிருந்து இருக்கிறோம். சங்கத்துக்கு இப்போது இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. யாராவது தன் சுரங்கப்பாதைக்குப் பாறை வர்ணம் பூசிய படத்தைப் போடுவார். அதற்கு அடியிலேயே, இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இன்று உருளைக்கிழங்கு சூப் என்று எழுதுவார். மற்றவர்கள் பாறையையும் பாராட்டுவார்கள், இடுப்பையும் விசாரிப்பார்கள். நல்ல மனிதர்கள். ரூடிகர் மட்டும் சூப்பைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டார். அவர் ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் மதிப்பீட்டாளர். என் நீராவி என்ஜினில் ஒரு ரிவெட் ஆணி குறைகிறது என்று ஒருமுறை எழுதினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குறைந்துதான் இருந்தது.

சங்கத்தின் பொன்விழாவுக்கு, நம் ஊர் ரயில் ஸ்டேஷனை யார் உள்ளது உள்ளபடி கட்டுகிறார்களோ அவர்கள் மாடலை நகராட்சி மன்ற வாசலில் கண்ணாடிக்குள் வைப்பது என்று முடிவாயிற்று. கீழே பித்தளைத் தகட்டில் கட்டியவர் பெயர். தீர்ப்பு சொல்பவர் ரூடிகர்.

நான் ஆயுசு முழுக்க இரும்புக்கடை நடத்தியவள். உங்கள் அம்மாகூட எங்களிடம்தான் ஆணி வாங்குவார். அந்தக் கடைக்கு என் மாமனார் பெயர். வீட்டு அழைப்புமணியில் ஏவால்டின் பெயர். நாய்க்குக்கூடக் கழுத்துப்பட்டையில் பெயர் இருந்தது. எனக்கு அந்தப் பித்தளைத் தகடு வேண்டும் என்று தோன்றியது. பேராசை என்று சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் எங்கள் சங்கத்தில் யாரும் நேரில் போய்ப் பார்த்துக் கட்டுவதில்லை. படத்தைப் பார்த்துத்தான் கட்டுவோம். ஏவால்டின் தம்பி அந்தக் காலத்தில் எடுத்த ஸ்லைடு ஒன்று இருந்தது, அட்டைச் சட்டம் போட்ட சின்ன ஃபிலிம், விளக்கு வைத்துச் சுவரில் காட்டுவது. அதில் ஸ்டேஷன் முகப்பு, நடுவில் கதவு, கதவருகில் ஏவால்ட் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அன்றையிலிருந்து இன்றுவரை அந்த ஸ்டேஷனில் பெயிண்ட்கூட மாறவில்லை. நிலவறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைச் சுவரில் காட்டிக்கொண்டு, செங்கல் செங்கலாகக் கட்டினேன். தபால் பெட்டி என் சுண்டுவிரல் நகத்தில் பாதி. அதில் கடிதம் போடும் வாய்கூட வெட்டியிருந்தேன்.

முடித்து, மாடலின் படத்தைச் சங்கப் பக்கத்தில் போட்ட அன்று ரூடிகர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க இர்ம்கார்ட். கடிகாரம் கதவுக்கு இடப்பக்கம்ல இருக்கு? நீங்க வலப்பக்கம் மாட்டியிருக்கீங்க."

"அப்படியா ரூடிகர்?"

"நான் வேலைக்குப் போன காலம் பூரா அந்தக் கடிகாரத்தைப் பாத்துத்தான் ஓடியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"எதுக்கும் ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்களேன். வெள்ளிக்கிழமை போங்க. அதுக்குள்ள மழையும் விட்டுரும்."

போனை வைத்துவிட்டு ஸ்லைடை விளக்குக்கு எதிரில் பிடித்துப் பார்த்தேன். சட்டத்தின் மூலையில் புள்ளி ஒன்று இருக்கும், எந்தப் பக்கம் முகம் என்று காட்ட. அது தப்பான மூலையில் இருந்தது. இத்தனை நாளும் ஸ்லைடைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் முழு ஸ்டேஷனையும் கட்டி முடித்திருக்கிறேன். கட்டடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, முகப்பில் எழுத்து கிடையாது, கடிகாரத்தில் எண்ணுக்குப் பதில் கோடுதான், அதனால் தெரியவில்லை. கடிகாரம், பெஞ்சு, தபால் பெட்டி, தொட்டியில் வைத்த மரம் எல்லாம்தான் பக்கம் மாறியிருந்தன.

ஸ்லைடைச் சரியாகத் திருப்பிப் பார்த்தேன். பிறகு மறுபடி பழையபடியே திருப்பி வைத்தேன். பழையபடிதான் அழகாக இருந்தது.

வியாழக்கிழமை ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு, ஏணியும் துளைபோடும் மெஷினும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். நம் ஸ்டேஷனில் ஆள் கிடையாது, டிக்கெட் மெஷின்தான். ஆரஞ்சுச் சட்டை போட்டவரை இந்த நாட்டில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். ஸ்டேஷனுக்கு எதிர்வீட்டு கெஸ்லர் அம்மாள் மட்டும் ஜன்னலைத் திறந்தார்.

"ஏங்க, மணி ஒண்ணு ஆகுது. மனுஷங்க சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர வேணாமா? மூணு மணி வரைக்கும் சத்தம் கூடாதுன்னு தெரியாதா? இந்நேரத்துல போயா ஓட்டை போடுவாங்க?"

"மன்னிச்சுக்குங்க. மூணு மணிக்கு மேல போடறேன்."

மூன்று மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஊர் பொதுக் கடிகாரத்தை எதற்காகக் கழற்றுகிறாய் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. மூன்று அடித்ததும் வலப்பக்கம் மாட்டினேன். பழைய ஓட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். சுத்தமான வேலை. நீங்கள் போய்ப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூடிகர் பூங்கொத்தோடு வந்தார்.

"வலப்பக்கம்தான் இர்ம்கார்ட். என்னவோ தெரியல, நான்தான் குழம்பிட்டேன்."

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கேக் சாப்பிடுங்க."

அதோடு நின்றிருக்கும். ஆனால் ரூடிகர் துல்லியமான ஆள். அடுத்த வாரம் பெஞ்சு என்றார். அதற்கடுத்து தபால் பெட்டி. ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் போவதற்கு முன்னால் நான் போய்வந்தேன். மரத்தொட்டிக்குத்தான் கடையிலிருந்த தள்ளுவண்டி தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். மரத்துக்கு வெயில் போதவில்லை என்று சொன்னேன். நல்லவேளை, நகராட்சியில் மரத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஊரில் ஒருவரும் புகார் செய்யவில்லை. தன் ஊர் ஸ்டேஷனை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? பேக்கரிக்கார அம்மாள் மட்டும் தினமும் காலையில் கடிதத்தோடு வெறும் சுவரிடம் போய் நின்று, கையை நீட்டி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பிறகு மருந்துக்கடையில் ஞாபகசக்தி மாத்திரை வாங்க ஆரம்பித்தார். வேறு சிலரும் வாங்கினார்கள். ஒரு வாரம் கடையில் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. மாத்திரை உடம்புக்கு நல்லதுதான். இலைச்சாறு.

ரூடிகர் காரை விற்றார். நான் சொல்லவில்லை, அவராகவே விற்றார். பெஞ்சு எந்தப் பக்கம் என்று தெரியாதவன் ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்றார். மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனார். டாக்டர் அவரிடம் காகிதத்தைக் கொடுத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம் ஒன்றை வரையுங்கள் என்றாராம். ரூடிகர் ஸ்டேஷனை வரைந்தார். கடிகாரம், தபால் பெட்டி எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறார். டாக்டர் தினமும் அந்த ஸ்டேஷனில்தான் ரயில் ஏறுகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு ரூடிகரின் தோளில் கை வைத்தாராம்.

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். தனியாள், பாவம். அவருக்காகத்தான் பிளம்ஸ் கேக் செய்யவே பழகினேன்.

இப்போது மோதிரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நீங்கள் கேட்காத விஷயம்.

ஒரு நாள் சங்கக் கூட்டத்தில் அந்த ஸ்லைடைத் திரையில் காட்டினோம். ரூடிகர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து திரையிடம் போனார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் கண்ணில் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"ஏவால்டோட கையைப் பாருங்க. கல்யாண மோதிரம் இடது கையில இருக்கு. நம்ம ஊர்ல எல்லாரும் வலது கையிலதானே, எவன்யா இடது கையில போடுவான்? படம் திரும்பியிருக்கு. நான் சொன்னதுதான் சரி. முதல்லேருந்து நான் சொன்னதுதான் சரி."

எல்லாரும் ஏவால்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏவால்ட், உங்க மோதிரம் எந்தக் கையில இருக்கு?" என்று கேட்டேன்.

ஏவால்ட் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"இதுலதான். எப்பவும் இதுலதானே போட்டிருக்கேன்?" என்று என்னைப் பார்த்தார்.

"ஆமா, எப்பவும் அதுலதான்" என்றேன்.

ரூடிகர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்தவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

படத்தில் அந்த மோதிரத்தை நான் அதற்கு ஒரு மாசம் முன்னாலேயே பார்த்துவிட்டேன், இன்ஸ்பெக்டர். ரூடிகர் ரிவெட் எண்ணுகிறவர், என்றைக்காவது விரலையும் எண்ணுவார் என்று தெரியும். வலது விரல் வீங்கியிருக்கிறது என்று ஏவால்டிடம் சொல்லி, சோப்புப் போட்டுக் கழற்றி, மற்றக் கையில் மாட்டிவிட்டேன். முதல் வாரம் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டாவது வாரம் மறந்துவிட்டார். அவர் அப்படித்தான், நான் என்ன சொன்னாலும் நம்புவார். அதனால்தான் எங்கள் கல்யாணம் இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது.

கடைசியில் எண் பலகைகள். அதை ரூடிகர் கண்டுபிடிக்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிளாட்ஃபாரங்கள் கட்டடத்துக்கு இரு பக்கமும் இருப்பவை; தபால் பெட்டிப் பக்கம்தான் ஒன்று என்ற நினைப்பில் கட்டியதால், என் மாடலில் ஒன்றாம் பிளாட்ஃபாரம் இருந்த இடத்தில் ஊரில் இரண்டாம் பிளாட்ஃபாரம் இருந்தது, அவ்வளவுதான். விட்டிருக்கலாம். ஆனால் ஒரு குறை இருப்பது தெரிந்தும் அதைக் கண்ணாடிக்குள் வைத்து, கீழே என் பெயரைப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டு பக்க ரயிலும் நம் ஊரில் ஒரே நேரத்துக்கு வரும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ஆண்கள் பாடகர் குழு மொத்தமும் கறுப்பு கோட்டோடு ஒன்றாம் எண்ணைப் பார்த்து ஏறியது. பூக்கடைக்காரர் வீட்டு வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்குப் போக வேண்டியவர்கள் பன்றிச் சந்தையில் போய் இறங்கினார்கள். வந்ததுதான் வந்தோம் என்று அங்கேயே பாடினார்களாம். அன்று பன்றிகள் நல்ல விலைக்குப் போயின என்று கேள்விப்பட்டேன். பூக்கடைக்காரர் மனைவி அழுதார் என்றும் சொன்னார்கள். அவருக்கு ஒரு கேக் அனுப்பியிருக்கிறேன்.

மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவசரம். பொன்விழா வருகிற சனிக்கிழமை. அதனால் மூன்று மணிக்குக் காத்திருக்காமல் இரண்டரைக்கே ஓட்டை போட்டுவிட்டேன். கெஸ்லர் அம்மாள் உங்களுக்கு போன் செய்தது நியாயம். மதிய ஓய்வு நேரத்தில் சத்தம் போட்டது என் தப்பு. அதை யார் முன்னாலும் ஒத்துக்கொள்வேன். அபராதமும் கட்டுகிறேன்.

இப்போது நீங்கள் கேட்டது. மாடலில் இருந்த நாலு சாமானைப் பெயர்த்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒட்டியிருந்தால் ஒரு சாயங்கால வேலைதானே, ஏன் செய்யவில்லை என்று கேட்டீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. தீர்ப்பாளர் சொன்னார் என்பதற்காகக் கட்டி முடித்த மாடலில் கை வைப்பதா? அது மோசடி, இன்ஸ்பெக்டர். எங்கள் சங்கத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

ரூடிகரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அவர் இப்போதுதான் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். புதன்கிழமைகளில் சிரிக்கக்கூடச் செய்கிறார். அவர் மூளைக்கு ஒரு குறையும் இல்லை என்று திடீரென்று சொன்னால் அந்த அதிர்ச்சியை எப்படித் தாங்குவார்?

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவர்தான். எனக்காகச் சாட்சி சொல்ல பஸ் பிடித்து வந்திருக்கிறார். கடிகாரமும் தபால் பெட்டியும் மரமும் பலகையும் எந்தக் காலத்திலும் இப்போது இருக்கிற இடத்தில்தான் இருந்தன, இர்ம்கார்ட் ஒன்றையும் தொடவில்லை என்று சத்தியம் செய்து சொல்லப் போகிறார். உள்ளே கூப்பிடுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அவரைவிடத் துல்லியமான மனிதர் கிடையாது.