வெட்டுப்புழுத் திட்டுகள்

பனி காய்வதற்கு முன் புல்தரையை மிதிக்கலாகாது. ஈரத்தில் மிதிபட்ட புல் பழுத்துப்போகும். இன்று காலை என்னை மைதானத்துக்கு அழைத்துச் சென்றபோது தங்கள் காவலர்கள் பூட்ஸ் காலோடு அதன்மேல் நடந்ததைக் கண்டேன். குறையாகச் சொல்லவில்லை, ஐயா. தாங்கள் கேட்டதால் முதலிலிருந்து கூறுகிறேன்.

என் பெயர் ஆதிமூலம். மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்து வளர்ந்தவன். நாற்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றேன். அனுமந்தைக்கு அருகில் இந்தக் கோல்ஃப் மைதானம் அமைந்தபோது பூச்சிக் கண்காணிப்பாளர் என்னும் பதவியை அடைந்தேன். பணி எளியது, ஆயினும் நுட்பமானது. புல் பழுத்த இடத்தில் சோப்பு நீரை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் வெட்டுப்புழுக்கள் மேலே நெளிந்து வரும். மிகுதியாக வந்தால் மருந்து தெளித்துச் சிவப்புக் கொடி நட வேண்டும். கொடி நட்ட இடத்தை எவரும் தொடலாகாது என்பது மைதானத்தின் விதி.

சுனாமி வந்துபோனதற்கு அடுத்த கோடையில் புல்தரையெங்கும் பழுப்புத் திட்டுகள் தோன்றின. சோப்பு நீர் ஊற்றினேன். ஒரு புழுவும் வரவில்லை. உப்பளத்துக்காரர் எவரும் செய்வதையே நானும் செய்தேன்: ஒரு புல்லைக் கிள்ளி நுனியை நாக்கில் வைத்தேன். கரித்தது.

அச்சம் அன்று தொடங்கியது. கெடுத்தது கடல்நீர் என்றால் பூச்சிக் கண்காணிப்பாளர் எதற்கு? மீண்டும் பாத்திக்குத்தான் போக வேண்டும். கண்ணைக் குத்தும் அந்த வெள்ளை வெளியை நினைத்தாலே கண்களை இறுக மூடிக்கொள்வேன். ஆகவே இடையஞ்சாவடிப் பக்கத்து நிலக்கடலைக் கொல்லைகளில் வெட்டுப்புழுக்களைப் பொறுக்கி, டப்பாவில் கொண்டுவந்து திட்டுகளில் விட்டேன். மேலாளர் சிவஞானம் முன்னிலையில் சோப்பு நீர் ஊற்றியதும் அவை ஒழுங்காக மேலே வந்தன. அவர் என் தோளில் தட்டினார்.

மைதானத்தில் களை பறிக்கும் ஆண்டாள் எனக்குத் தூரத்து உறவு. அவளும் அளத்தில் வேலை செய்தவள். ஒருநாள் திட்டின் ஓரத்தில் குந்தியிருந்தவள், புல்லைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னா மாமா, பூச்சிக்கு டாக்டரு ஆனதும் நாக்கு செத்துப்போச்சா? இது உப்பு. நம்ம அளத்து உப்பு.”

வெளியில் சொல்லாதே என்று வேண்டினேன். நான் தெளிக்கும் மருந்தால் களை பறிக்கும் பெண்களின் கைகளெல்லாம் கொப்புளம் என்றாள்.

“நாளைக்கி மேனேஜர இட்டாந்து, எல்லாத் திட்டையும் அவரு எதிர்லயே நாக்குல வச்சிக் காட்டப் போறேன். நீ பயப்படாத மாமா. களை பறிக்க உனக்கும் எடம் இருக்குது.”

மறுநாள் விடிந்ததும் திட்டுகள் அனைத்திற்கும் மருந்து தெளித்தேன். வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கலந்தேன். முறைப்படி கொடிகளை நட்டேன். பிறகு அவற்றைப் பிடுங்கிக் கொட்டகையில் வைத்தேன். மருந்து வாடை அந்த மைதானத்தில் எந்நாளும் வீசுவது. அதைக் கொண்டு எவரும் எதையும் அறிய முடியாது. கொடி ஒன்றே எச்சரிக்கை.

ஆண்டாள் மேலாளரை அழைத்து வந்தாள். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவள் முதல் திட்டில் கிள்ளி நாக்கில் வைத்தாள். பின் அடுத்தது, அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு முறையும், நான் உண்மையை ஒத்துக்கொள்வேன் என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள். தடுப்பதற்கு நேரம் இருந்தது. நான் திட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“கசக்குது மாமா,” என்றாள் கடைசியாக. உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

ஈரமண் காயாத கொடிகளைத் தாங்கள் கொட்டகையில் கண்டெடுத்தீர்கள். நல்ல கண்காணிப்பு, ஐயா.

இப்போதும் எனக்கு அச்சம் தீரவில்லை. தூக்குக்கு அஞ்சவில்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் நாக்கு கரிக்கிறது. நேற்றுத் தாங்கள் தந்த கஞ்சியைக்கூட உண்ண இயலவில்லை.

கொடிகளைப் பிடுங்கியவன் நானே. அவள் நாக்கில் வைப்பாள் என்று அறிந்தே பிடுங்கினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் பெயருக்குக் கீழே பூச்சிக் கண்காணிப்பாளர் என்று மறவாமல் போடுங்கள். அந்தத் திட்டுகளில் புழு இருந்தது, ஐயா.